மதிப்பெண்ணுக்குப் பிறகும் பிரெஞ்சு

தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியது. அதனால் மொழிப்பாடத்தை மாற்றிக்கொள்ள விரும்பும் பிள்ளைகளுக்குப் பிளஸ் ஒன் தான் வாசல். செங்கல்பட்டு வட்டாரத்திலும் பிளஸ் ஒன்னில் பிரெஞ்சைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் மொழியின் மேல் உள்ள ஆசையால் அல்ல, நூற்றுக்கு நூறு கிடைக்கும் என்ற நம்பிக்கையால். ஆனால் பொறியியல் கட் ஆஃப் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைக் கொண்டே அமைகிறது. மருத்துவத்துக்கு நீட் இருக்கிறது. மொழிப்பாட மதிப்பெண் இரண்டிலும் சேராது. படித்ததைத் தொடர்ந்தால்தான் அந்த இரண்டாண்டு உழைப்புக்குப் பொருள். தொடரும் வழி சரியாக இருக்கிறதா?

தொடர்பவர்கள் வழக்கமாகப் போவது அலியான்ஸ் பிரான்சேஸ் என்னும் பிரெஞ்சு மொழி மையத்தின் வகுப்புக்கும் டெல்ஃப் என்னும் பிரெஞ்சுத் திறன் தேர்வுக்கும். இந்த முறையின் பலம் அதன் அமைப்பில் உள்ளது. ஏ1 முதல் பி2 வரை நான்கு படிகள். ஒவ்வொரு படியிலும் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக்கூடாது. இலக்கண விதிகளை மனப்பாடம் செய்து, வாயே திறக்காமல் தேறிவிட முடியாது. எழுத்துத் தேர்வையே நம்பிய பள்ளிப் படிப்பு விட்ட இடத்தை இது நிரப்புகிறது. சான்றிதழுக்குக் காலாவதியும் இல்லை.

குறைகளும் சிறியவை அல்ல. சென்னையில் அலியான்ஸ் இருப்பது நுங்கம்பாக்கத்தில். செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் போய்வரவே பாதி நாள் கழியும். செய்யூர், மதுராந்தகம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் தூரம். இணைய வகுப்பு பயணத்தைக் குறைத்தது, கட்டணச் சுமையை நீக்கவில்லை.

இதைவிடப் பெரிய குறை, பிரெஞ்சை ஆங்கிலத்தின் வழியே கற்பது. வினைச்சொல் ஆளுக்கேற்ப விகுதி மாறுவதும், நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடும் தமிழ்ப் பிள்ளைக்குப் பழகியவை. ஆங்கில விளக்கத்தில் அவையே புதிய சிக்கல்களாகத் தெரிகின்றன. தமிழ்வழி படித்தவர் வகுப்பின் பக்கமே வரத் தயங்குகிறார்.

மூன்றாவது குறை நோக்கம் பற்றியது. கனடா குடியேற்றத்தில் பிரெஞ்சுக்குக் கூடுதல் புள்ளி உண்டு. 2023 முதல் பிரெஞ்சு அறிந்தவர்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அதற்காகப் படிப்பது தவறல்ல. ஆனால் அதற்கான டெஃப், டிசிஎஃப் தேர்வு மதிப்பெண்கள் இரண்டாண்டுதான் செல்லும். புள்ளிக்காக மட்டும் கற்ற மொழியும் பயன்படுத்தாவிட்டால் அதே வேகத்தில் மறந்துபோகும்.

வகுப்பு தராத புழக்கத்தை இந்த மாவட்டத்தின் கடற்கரை தரும். மாமல்லபுரத்துக்குப் பிரெஞ்சுப் பயணிகள் வருகிறார்கள். கைடுகளிலும் சிற்பக் கடைக்காரர்களிலும் காதால் கேட்டே பிரெஞ்சு பேசப் பழகியவர்கள் உண்டு. அவர்களுக்குச் சரளம் உண்டு, எழுத்து இல்லை. மாணவருக்கு எழுத்து உண்டு, சரளம் இல்லை. பிரெஞ்சுத் தொடர்பு கடைத்தெருவோடு நிற்கவில்லை. மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் ரெனோ-நிசான் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. செய்யூர்ப் பக்கத்து ஆலம்பரைக் கோட்டை 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. பல்லவர் கலையை ஆராய்ந்த ழுவோ-துப்ரே, புதுச்சேரியில் ஆசிரியராக இருந்தபடியே தென்னிந்தியத் தொல்லியல் நூலை 1914இல் பிரெஞ்சில் வெளியிட்டார். பல்லவர் கல்வெட்டுகள் பற்றி எம்மானுவேல் பிரான்சிஸ் எழுதிய விரிவான ஆய்வும் பிரெஞ்சில்தான். நம் ஊர்க் கற்களைப் பற்றி எழுதியதை நாமே நேரடியாகப் படிப்பதைவிட நல்ல காரணம் ஒரு மொழிக்கு வேண்டுமா?

ஆகவே டெல்ஃப் பாதையைக் கைவிட வேண்டியதில்லை; அதை மட்டும் நம்பியிருப்பதே பிழை. செங்கல்பட்டு அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழி மாலை வகுப்பு ஒன்று தொடங்கலாம். பேச்சுப் பயிற்சிக்கு மாமல்லபுரத்துக் கைடுகளை மதிப்பூதியம் தந்து அழைக்கலாம். பதிலுக்கு அவர்களுக்கு எழுத்தும் இலக்கணமும் கற்றுத்தரலாம். பணமும் ஆங்கிலமும் உள்ளவர்களுக்கு மட்டும் என்றிருக்கும் இந்தப் படிப்பு அப்போதுதான் இந்த மாவட்டத்துக்குச் சொந்தமாகும்.