தனியாகப் போனவனும் கூட ஆடியவரும்

மைக்கேல் மர்ஃபியின் ‘கோல்ஃப் இன் தி கிங்டம்’ 1972இல் வந்த நாவல். 1956இல் ஓர் அமெரிக்க இளைஞன் அரவிந்தரின் தத்துவத்தைப் படிக்கத் தனியாக இந்தியாவுக்குக் கிளம்புகிறான். வழியில் ஸ்காட்லாந்தில் இறங்கி ஒரு ரவுண்டு கோல்ஃப் ஆடுகிறான். அவன் பெயரும் மர்ஃபிதான். நிஜ மர்ஃபியும் அந்த ஐம்பதுகளில் பாண்டிச்சேரி ஆசிரமத்தில் தங்கியவர்.

ஆன்மிக நாவல் என்று சொல்லி இதை முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது தனிப்பயணத்தின் கதை. கோல்ஃப் ஆட எதிராளியே தேவையில்லை. ஆனாலும் தனியாக வருபவரை முன்பின் தெரியாதவர்களோடு சேர்த்துவிடுவது வழக்கம். அப்புறம் நாலு மணி நேரம் அவர்களோடு நடந்தாக வேண்டும். நண்பர் கூட்டத்தோடு போகிறவனுக்கு இது வாய்க்காது. ஷிவாஸ் அயர்ன்ஸ் இப்படித்தான் வருகிறார். பாண்டிச்சேரிக்குப் போகிறவனுக்குக் குரு பாதி வழியிலேயே கிடைத்துவிடுகிறார்.

சிக்கல் இரண்டாம் பாகத்தில். அது ஷிவாஸின் குறிப்பேடுகளை வைத்து எழுதிய கட்டுரைகளின் தொகுப்பு. நன்றாக ஓடுகிற கோடுக்கு வரிக்கு வரி கமென்ட் எழுதின மாதிரி இருக்கிறது. 1962இல் டிக் பிரைஸோடு எஸலென் நிறுவனத்தைத் தொடங்கியவர் மர்ஃபி. அந்தப் போதிக்கும் அவசரம் புரிகிறது. ஆனால் ஒரே ஒரு நாள் கூட நடந்த அந்நியரிடம் நமக்குப் புரியாமல் போனதுதானே வருஷக்கணக்காகக் கூடவே வருகிறது? அதையும் விளக்கிவிட்டால் அவர் வெறும் வாத்தியாராகிவிடுகிறார்.

முதல் பாகத்தோடு புத்தகத்தை மூடிவிடுங்கள். நஷ்டமில்லை.