யாருடைய நிமிஷம் மிச்சமாகுது?

கல்லீரல் எம்.ஆர்.ஐ.யை வேகமாக்குவது பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் ஓர் எண் முன்னால் வந்து நிற்கும்: நோயாளி மெஷினுக்குள் படுத்திருந்த நிமிஷங்கள். முன்னே 30, 40 நிமிஷம் ஆனது, இப்போ பத்துப் பதினஞ்சு நிமிஷத்தில் முடிகிறது என்பார்கள். அது மெஷினோட கணக்கு. அருமனையிலிருந்து விடியக்காலம் பால்வெட்டை விட்டுட்டு மார்த்தாண்டம், களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் போகிற ஆளோட கணக்கு வேற.

முதலில், ஏன் இது மெதுவான வேலை? கல்லீரல் மூச்சோடு மேலும் கீழும் நகரும். அதன் ரத்தத்தில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. கல்லீரல் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தில் வளர்வது. அதனால் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றிய சுமார் அரை நிமிஷத்தில் கட்டி பளிச்சென்று தெரியும். பிறகு சுற்றியுள்ள கல்லீரலைவிட மங்கிவிடும். அந்தப் பளிச்சையும் மங்கலையும் சேர்த்துப் பிடித்தால்தான் டாக்டர் உறுதியாகச் சொல்ல முடியும். அதற்கு ஒவ்வொரு முறையும் 15, 20 விநாடி மூச்சடக்கணும். வயித்துல நீர் கோத்தவரால முடியுமா?

இந்த இடத்தில் வந்த வேகத்துக்கு நான் முழு மனசோடு கைதட்டுவேன். 2014-ல் நியூயார்க் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட கிராஸ்ப் முறையில் நோயாளி சாதாரணமாக மூச்சு விட்டபடியே கிடக்கலாம். தகவலை இடைவிடாமல் எடுத்துக்கொண்டே போய், எந்த விநாடியின் படம் வேண்டுமோ அதைக் கணினியில் பின்னால் பிரித்தெடுக்கிறார்கள். இது நோயாளிக்கான வேகம்.

இன்னொரு வகை, படங்களையே குறைப்பது. அதில் ஒரு முறையைப் பாருங்க: கேடாக்செட்டிக் அமிலம் (கடையில் பிரிமோவிஸ்ட்) என்ற மருந்தை மெஷினுக்கு வெளியிலேயே ஏற்றி, 20 நிமிஷம் உட்கார வைக்கிறார்கள். கல்லீரல் செல்கள் மருந்தை உள்ளிழுத்து வெளுக்கும். கட்டி பெரும்பாலும் கறுப்பாக நிற்கும். அப்புறம் உள்ளே அனுப்பி, சில படம், வெளியே. தமனிக் கட்டமே கிடையாது. அந்தக் கட்டத்தில் சிலருக்கு இந்த மருந்தால் மூச்சு தடுமாறிப் படம் கெடுகிறது என்ற பழைய தலைவலியும் போச்சு.

ஆனா கறுப்பாக ஒண்ணு தெரிந்தால்? அது புற்றா என்று இந்தப் படம் தீர்த்துச் சொல்லாது. முழு ஸ்கேனுக்குத் திரும்ப வரணும். இன்னொரு நாள் கூலி, இன்னொரு பஸ், கூட வர ஒரு ஆள். சிரோசிஸ் முற்றியவர்களின் கல்லீரல் மருந்தைச் சரியாக இழுப்பதும் இல்லை. யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே படம் மங்கல்.

எனக்கு உறுத்துவது கட்டுரைகளின் செய்முறை. குறைத்த ஸ்கேனை ஆதரித்து வந்த ஆரம்ப ஆய்வுகள் பலவற்றில், ஏற்கெனவே எடுத்த முழு ஸ்கேனிலிருந்து நாலு படத்தை மட்டும் உருவிப் படித்தார்கள். அங்கே யாரும் திரும்ப வர வேண்டியதே இல்லை. மீதிப் படம் கையில் இருக்கிறது! வராமல் போனவர் அந்தக் கணக்கில் எப்படி விழுவார்?

எம்.ஆர்.ஐ.யே தேவையில்லை என்று சொல்லவில்லை. தென்கொரியாவில் சிரோசிஸ் உள்ள 407 பேரை 6 மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் பார்த்த ஆய்வு 2017-ல் வந்தது. புற்று வந்த 43 பேரில் அல்ட்ராசவுண்ட் கண்டது 12, எம்.ஆர்.ஐ. கண்டது 37. பெரிய வித்தியாசம்தான். ஆனா அது முழு ஸ்கேன். அந்த 37-ஐ குறுக்கிய ஸ்கேனின் கணக்கில் எழுதுவது சரியில்லை.

என் ஓட்டு, சாதாரண கேடோலினிய மருந்தோடு தமனி, சிரை, தாமதக் கட்டங்களை மட்டும் எடுக்கும் குறுக்கிய ஸ்கேனுக்கு. அதுவும் சீக்கிரம் முடியும். கட்டி தெரிந்தால் பல பேருக்கு அன்றைக்கே பதில் கிடைக்கும். சின்னக் கட்டிகள் சிலதை இது தவறவிடலாம், ஒத்துக்கிறேன். கண்காணிப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டி இருக்காது, திரும்ப அழைப்பது கொஞ்சம் பேரைத்தானே என்றும் கேட்கலாம். அந்தக் கொஞ்சம் பேரைத் தேடித்தானே இத்தனை ஸ்கேனும்.

அடுத்து வரும் கட்டுரைகளின் அட்டவணையில் நிமிஷத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு எண்களைத் தேடுவேன்: எத்தனை பேரைத் திரும்ப வரச் சொன்னார்கள், அதில் எத்தனை பேர் வந்தார்கள்.