நோக்கியா இணையக் கைக்கணினிகளில் திறமூல ஊடக இயக்கிகள்: ஓர் அடுக்குமுறை ஒப்பாய்வு

ஆய்வுச்சுருக்கம்

நோக்கியா நிறுவனம் 2005 முதல் வெளியிட்ட 770, என்800, என்810 ஆகிய இணையக் கைக்கணினிகள், லினக்ஸ் அடிப்படையிலான மேமோ இயங்குதளத்தைக் கொண்டவை. இவற்றில் பாடலும் காணொளியும் இயக்குவதற்குப் பல மென்பொருள்கள் உருவாயின. அவற்றை வசதிகளின் எண்ணிக்கையால் ஒப்பிடுவது போதாது என்றும், கருவியின் எந்த அடுக்கில் திறந்த தன்மை நிற்கிறது என்பதே உரிய அளவுகோல் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. உடன் வந்த ஊடக இயக்கி, எம்பிளேயர், கனோலா, காகு ஆகிய நான்கும் இங்கு ஒப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: திறமூல மென்பொருள், ஊடக இயக்கி, மேமோ, ஜிஸ்ட்ரீமர், எம்பிளேயர், கனோலா, உரிமம்.

முன்னுரை

ஒரு மென்பொருளைத் ‘திறமூலம்’ என்று அழைக்கும்போது, அச்சொல் அதன் முழுமைக்கும் பொருந்துவதாகக் கொள்வது வழக்கம். மேசைக்கணினியைப் பொறுத்தவரை இவ்வழக்கு பெரிய பிழையை விளைவிப்பதில்லை. அங்கு ஒலியையும் படத்தையும் விரித்தெடுக்கும் பணி பெரும்பாலும் பொது நுண்செயலியிலேயே நடந்தது; அதற்கான நிரலும் வாசிக்கக் கிடைத்தது. கைக்கணினியில் நிலைமை வேறு. குறைந்த மின்சாரத்தில் இயங்க வேண்டிய கட்டாயத்தால், அப்பணியின் ஒரு பகுதி தனிச் சில்லுப் பகுதிக்கு ஒப்படைக்கப்படுகிறது. அங்கு இயங்கும் நிரல் திறந்ததா மூடியதா என்பது, மேலே தெரியும் மென்பொருளின் உரிமத்தைப் பார்த்து அறியக்கூடியதன்று.

நோக்கியா கைக்கணினிகள் இச்சிக்கலை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். மேமோ, டெபியன் குனு/லினக்ஸ் வழிவந்தது. ஜிடிகே இடைமுகக் கருவித்தொகுதியையும் ஜிஸ்ட்ரீமர் ஊடகக் கட்டமைப்பையும் பயன்படுத்தியது. எவரும் மென்பொருளை எழுதி நிறுவிக்கொள்ள அது இடமளித்தது. ஆகவே, ஒரே கருவியில் வெவ்வேறு அளவில் திறந்த இயக்கிகள் அருகருகே இயங்கின.

கருவியின் வரம்புகள்

2005 நவம்பரில் விற்பனைக்கு வந்த 770, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் ஓமாப் 1710 சில்லையும் 64 மெகாபைட் நினைவகத்தையும் கொண்டது. அச்சில்லின் ஆர்ம்9 வகை நுண்செயலிக்கு மிதவைப்புள்ளிக் கணக்கீட்டு வன்பொருள் இல்லை. மிதவைப்புள்ளி எண்களை நம்பி எழுதப்பட்ட ஒலிவிரிப்பு நிரல் எதுவும் அதில் மிக மெதுவாகவே இயங்கும். எனவே முழுவெண் கணக்கில் எழுதப்பட்ட மாற்று நிரலகங்கள் தேவைப்பட்டன. எம்பி3 வடிவத்துக்கு லிப்மேட், ஆக் வோர்பிஸ் வடிவத்துக்கு ட்ரெமர் ஆகியன அத்தகையவை.

திரையின் வரம்பு இதனினும் கடுமையானது. திரை 800×480 படப்புள்ளிகள் கொண்டது. ஒரு புள்ளிக்கு 2 பைட் எனில் ஒரு முழுச் சட்டகத்துக்கு 7,68,000 பைட் தேவை. நொடிக்கு 25 சட்டகம் என்றால் 192 இலட்சம் பைட் திரைக் கட்டுப்பாட்டுச் சில்லுக்குச் செல்ல வேண்டும். அச்சில்லு தலைமைச் சில்லுக்கு வெளியே, குறுகிய பாதையால் இணைக்கப்பட்டிருந்தது. இதற்கு மாறாக, 400×240 அளவுள்ள படத்தை ஒளிர்வும் நிறமும் பிரித்த வடிவில், புள்ளிக்கு ஒன்றரை பைட் வீதம் அனுப்பினால் ஒரு சட்டகத்துக்கு 1,44,000 பைட் போதும். ஒவ்வொரு புள்ளியையும் இரட்டித்து விரிக்கும் பணியைத் திரைக் கட்டுப்பாட்டுச் சில்லே செய்துவிடும். பாதையின் சுமை பதினாறில் மூன்று பங்காகக் குறைகிறது. இவ்வழியை அறிந்து பயன்படுத்திய இயக்கிக்கும் அறியாத இயக்கிக்கும் இடையிலான வேறுபாடு, காணொளி ஓடுவதற்கும் திக்குவதற்குமான வேறுபாடாகும்.

2007 தொடக்கத்தில் வந்த என்800 ஓமாப் 2420 சில்லையும் 128 மெகாபைட் நினைவகத்தையும் பெற்றது. மிதவைப்புள்ளி வன்பொருளும் இதில் உண்டு. எனினும், சில்லினுள் இருந்த பவர்விஆர் வரைகலைப் பகுதிக்குரிய இயக்க நிரல் வழங்கப்படாமையால் அது பயனின்றிக் கிடந்தது. வன்பொருள் இருந்தும் அதை இயக்கும் நிரல் கிடைக்காவிடில், பயனருக்கு அது இல்லாததற்குச் சமம் என்பதற்கு இது சான்று.

உடன் வந்த இயக்கி: திறந்த நடு, மூடிய இரு முனை

கருவியுடன் வந்த ஊடக இயக்கியின் இடைமுகம் மூடிய மூலநிரல் கொண்டது. அதன் கீழ் இருந்த ஜிஸ்ட்ரீமர் திறமூலம். அதற்கும் கீழே, எம்பி3 ஒலியை விரித்தெடுத்தது சில்லிலிருந்த இலக்கமுறைச் சமிக்ஞைச் செயலி. அதில் இயங்கிய நிரல் மூடியது. ஆக, திறந்த அடுக்கு ஒன்று இரு மூடிய அடுக்குகளுக்கு நடுவில் நின்றது.

ஜிஸ்ட்ரீமரின் இயல்பான அமைப்பில் விரித்தெடுக்கும் உறுப்பும் ஒலியை வெளியிடும் உறுப்பும் தனித்தனியானவை. மேமோவில் இவ்விரண்டும் ஒரே உறுப்பாக்கப்பட்டன. எம்பி3 தரவு அப்படியே உள்ளே செல்லும். ஒலி வெளியே வரும். இடையில் விரிந்த ஒலி மாதிரிகளைத் தொட வழியில்லை. ஆகவே ஒலிச் சமன்படுத்தி போன்றதொரு வசதியைப் பிறர் நடுவில் இணைக்க இயலாமற்போயிற்று. மறுபுறம், தலைமை நுண்செயலி ஓய்வாக இருந்ததால் மின்கலம் நெடுநேரம் நின்றது. பாடல் கேட்டபடியே வலைப்பக்கம் வாசிக்கும் பயனருக்கு இது மெய்யான நன்மை. அதனை மறைத்துப் பேசும் ஒப்பீடு நேர்மையானதாகாது.

இவ்வமைப்புக்கு இடமளித்தது உரிமமே. ஜிஸ்ட்ரீமர், எல்ஜிபிஎல் உரிமம் கொண்டது. மூடிய செருகுநிரல்கள் தன்னோடு இணைவதை அது தடுப்பதில்லை. வணிக நிறுவனங்கள் அதனைத் தேர்ந்தமைக்கு இந்நெகிழ்வும் ஒரு காரணம் எனலாம்.

வடிவத் தேர்விலும் இதே போக்கைக் காணலாம். ஆக் வோர்பிஸுக்கான ட்ரெமர் நிரலகம் கட்டுப்பாடு குறைந்த பிஎஸ்டி உரிமத்தில் கிடைத்தபோதும், கருவியுடன் வந்த இயக்கி அவ்வடிவத்தை ஏற்கவில்லை. 2007 டிசம்பரில் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் காணொளிப் பட்டறைக்கு நோக்கியா அளித்த நிலைப்பாட்டு அறிக்கை, ஆக் தொழில்நுட்பத்தைத் தனியுரிமை சார்ந்ததாகச் சுட்டியது. விவரக்குறிப்பும் நிரலும் வெளிப்படையாக உள்ள ஒரு வடிவத்தை அவ்வாறு அழைத்தது திறமூல வட்டாரங்களில் எதிர்ப்பை எழுப்பியது. அந்த இடைவெளியைப் பயனர் சமூகம் வழங்கிய செருகுநிரல்களும் மாற்று இயக்கிகளும் நிரப்பின.

எம்பிளேயர்: அடிவரை திறந்தது

எம்பிளேயர் ஜிபிஎல் உரிமம் கொண்டது. எஃப்எஃப்எம்பெக் நிரலகத்தின் விரிப்பு நிரல்களைத் தன்னுள் கொண்டு இயங்குவது. மூடிய கூறுகளை இணைத்து விநியோகிக்க இவ்வுரிமம் இடந்தராது. அதனால் மேமோவுக்குப் பெயர்த்த தன்னார்வலர்கள் படவிரிப்பைத் தலைமை நுண்செயலியிலேயே செய்தாக வேண்டியிருந்தது. இக்கட்டாயம் பயனுள்ள விளைவைத் தந்தது. படவிரிப்பில் அதிக நேரம் கோரும் தலைகீழ்க் கொசைன் உருமாற்றம், ஆர்ம் நுண்செயலிக்கென ஒருங்குமொழியில் புதிதாக எழுதப்பட்டது. முன்னர்ச் சுட்டிய படப்புள்ளி இரட்டிப்பும் பயன்கொள்ளப்பட்டது. விளைவாக, உடன் வந்த இயக்கி ஏற்க மறுத்த பல கோப்புகள் எம்பிளேயரில் ஓடின.

குறைகளும் வெளிப்படையானவை. முதலாவது, நுண்செயலி முழுச் சுமையில் இயங்குவதால் மின்கலம் விரைவில் தீர்கிறது. இரண்டாவது, அது கட்டளைவரிக்கும் விசைப்பலகைக்கும் பழகிய மென்பொருள். 770, என்800 ஆகியவற்றில் விசைப்பலகை இல்லை. என்810இல்தான் அது வந்தது. எனவே சில பொத்தான்களுக்குள் எல்லாக் கட்டளைகளையும் அடக்க வேண்டியதாயிற்று. கேஎம்பிளேயர் போன்ற முகப்பு மென்பொருள்கள் இக்குறையை ஓரளவே தீர்த்தன. பாடல் தொகுப்பைப் பாடகர், தொகுதி என வகைப்படுத்திக் காட்டும் எண்ணம் எம்பிளேயரின் வடிவமைப்பிலேயே இல்லை.

கனோலாவும் காகுவும்: விரலுக்கு இசைந்த இடைமுகம்

கனோலா, பிரேசிலிலுள்ள நோக்கியா தொழில்நுட்பக் கழகத்தில் உருவானது. மேமோவின் ஏனைய மென்பொருள்கள் எழுத்தாணியை எதிர்பார்த்தபோது, கட்டைவிரலால் தொடத்தக்க பெரிய உருக்களையும் நகரும் பட்டியல்களையும் அது தந்தது. அதன் இரண்டாம் பதிப்பு பைத்தான் மொழியிலும் என்லைட்டன்மெண்ட் நிரலகங்களிலும் அமைந்தது. இடைமுகத்தையும் ஊடக இயக்கத்தையும் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்தமை அதன் கட்டமைப்புச் சிறப்பு. பின்னணியில் இயங்கிய அடபாக்கே என்னும் சேவை பல இயந்திரங்களை ஏற்றது. எம்பிளேயர் அவற்றுள் ஒன்று. கோப்புகளைத் தேடித் தொகுக்கும் பணி லைட்மீடியாஸ்கேனர் என்னும் தனி நிரலகத்திடம் விடப்பட்டது.

ஆயினும், பயனர்கள் திறமூலத்தின் சாதனையாகக் கொண்டாடிய கனோலாவின் இடைமுக நிரல் தொடக்கத்தில் மூடியே இருந்தது. பின்னரே அது திறக்கப்பட்டது. திறந்த நிரலகங்களின் மேல் நிற்கும் மூடிய முகப்பைத் திறமூலம் என்று அழைத்தது, அச்சொல் அடுக்கு நோக்காமல் ஆளப்பட்டதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

காகு தொடக்கம் முதலே திறமூலம். பைத்தானிலும் பைகேம் நிரலகத்திலும் எழுதப்பட்ட அது, விரலால் இயக்கும் இடைமுகத்தைச் சிறிய அளவில் தந்தது. விளையாட்டுகளுக்கென அமைந்த நிரலகத்தைப் பயன்படுத்தியதால் ஒரு குறை நேர்ந்தது. அன்றைய பைகேமின் எழுத்துரு வசதி, எழுத்துகளைச் சேமிப்பு வரிசையிலேயே ஒவ்வொன்றாக வரைந்தது. தமிழில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்குப் பின் சேமிக்கப்பட்டு, மெய்க்கு முன் வரையப்பட வேண்டியவை. பாடல் தலைப்பு தமிழில் இருப்பின் அவை இடம்மாறித் தோன்றும். ஜிடிகே பயன்படுத்தும் பாங்கோ நிரலகம் இந்திய எழுத்துகளின் இவ்வமைப்பைக் கருத்திற்கொண்டது. எழில்மிகு இடைமுகத்துக்காக இயங்குதளத்தின் பொது நிரலகத்தைத் துறப்போர், அதன் மொழித் திறனையும் சேர்த்தே துறக்கின்றனர்.

ஒப்பீட்டு முடிபுகள்

நான்கையும் மூன்று அடுக்குகளில் வைத்து நோக்கலாம். இடைமுக அடுக்கில் கனோலா முதலிடம் பெறுகிறது, எம்பிளேயர் கடைசி. மின்சிக்கன அடுக்கில் உடன் வந்த இயக்கி முதலிடம் பெறுகிறது. விரிப்பு அடுக்கின் திறந்த தன்மையில் எம்பிளேயர் தனித்து நிற்கிறது. ஓர் அடுக்கின் வெற்றியைக் கொண்டு முழுமையை மதிப்பிடும் ஒப்பீடு, எந்த இயக்கியை விரும்பினும் அதையே வெற்றியாளராக்க உதவும்.

இவ்வடுக்குகள் சம மதிப்புடையனவா என்பது அடுத்த வினா. அன்றாடப் பயனுக்கு இடைமுகமும் மின்சிக்கனமும் முந்துவன. கருவியின் ஆயுளுக்குப் பிந்தைய பயனுக்கு அவ்விரண்டும் உதவுவதில்லை. 2011 பிப்ரவரியில் நோக்கியா விண்டோஸ் போன் தளத்துக்கு மாறும் முடிவை அறிவித்தது. சமிக்ஞைச் செயலிக்கென எழுதப்பட்ட மூடிய நிரல்களை வேறு கருவிக்குப் பெயர்க்க எவருக்கும் வழியில்லை. ஆனால் எம்பிளேயருக்காக எழுதப்பட்ட ஒருங்குமொழி நிரல் எஃப்எஃப்எம்பெக்கில் சேர்ந்து, பிற ஆர்ம் கருவிகளுக்கும் பயன்படும் நிலையை எய்தியது. கனோலாவிலும் எஞ்சி நின்றது, தனி நிரலகமாகத் திறந்துவைக்கப்பட்ட லைட்மீடியாஸ்கேனரே.

முடிவுரை

‘எந்த இயக்கி சிறந்தது’ என்ற வினாவுக்கு, ‘எந்த அடுக்கில்’ என்ற எதிர்வினாவே முதல் விடையாகும். எனினும் அதனோடு நின்றுவிடுதல் தகாது. பயன்பாட்டு எளிமையில் பின்தங்கியபோதும், அறிவைப் பொதுவில் சேர்த்த வகையில் எம்பிளேயரே மேம்பட்டது. இடைமுகத்தையும் இயந்திரத்தையும் பிரித்த கனோலாவின் கட்டமைப்பு, இவ்விரு நன்மைகளும் ஒன்றுசேரக்கூடியவை என்பதைக் காட்டியது. இன்றைய கைபேசிகளிலும் காணொளி விரிப்பு பெரும்பாலும் மூடிய வன்பொருள் நிரலிலேயே நிகழ்கிறது. அவற்றில் இயங்கும் திறமூல இயக்கிகளை மதிப்பிடுவோர், உரிமக் கோப்பை வாசிப்பதோடு அமையாமல், படம் எங்கு விரிகிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.