பல் துலக்கும் பழக்கமும் வினாத்தாளின் வரம்பும்

பல் துலக்கும் பழக்கத்தை அளக்க நடத்தை அறிவியலார் நெடுங்காலமாக நம்பியிருக்கும் கருவி, துலக்குபவரையே கேட்டுப் பதிவு செய்யும் வினாத்தாள். அதன் வலிமையும் தளர்ச்சியும் ஒருங்கே புலப்படுவது, இர்விங் ஜானிஸும் சீமோர் ஃபெஷ்பாக்கும் 1953இல் வெளியிட்ட ஆய்வில்தான். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துப் பள்ளியொன்றின் மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, மூன்று குழுக்களுக்குப் பல் நலம் பற்றிய 15 நிமிடச் சொற்பொழிவை வெவ்வேறு அச்ச அளவுகளில் வழங்கினர். ஒப்பீட்டுக்கென வைக்கப்பட்ட நான்காம் குழு கண்ணைப் பற்றிய உரையைக் கேட்டது. கடுமையான உரையில் சொத்தைப் பற்களும் புண்பட்ட வாய்களும் படங்களாக வந்தன. மென்மையான உரையிலோ எக்ஸ்ரே படங்களும் நலமான பற்களும் இடம்பெற்றன.

ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, அறிவுரைப்படி மாறியதாகச் சொன்னோரின் நிகர விழுக்காடு மென்மையான குழுவில் 36ஆகவும் கடுமையான குழுவில் வெறும் 8ஆகவும் இருந்தது. ஒப்பீட்டுக் குழுவை வைத்ததும், உரைக்கு முன்னும் பின்னும் வினவியதும் அக்காலத்திற்குப் பெரிய ஒழுங்கு என்பதை மறுக்க இயலாது. ஆனால் அளக்கப்பட்டது துலக்கல் அன்று, துலக்கியதாகச் சொன்ன சொல். பாராட்டுக்குரிய விடையையே தரும் மனச்சாய்வு பள்ளி வகுப்பறையில் கூடுதலாகவே இருக்கும்; நாள்தோறும் நினைவின்றிச் செய்யும் செயலை எண்ணிச் சொல்வதும் எவருக்கும் எளிதன்று.

சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலான இந்தப் பிளவை ரிச்சர்ட் எவன்ஸும் அவருடைய குழுவினரும் 1970இல் வெளிப்படுத்தினர். பல்லில் ஒட்டும் கிருமிப் படலத்தைச் சிவப்பாகக் காட்டும் சாய மாத்திரையை மாணவர்கள் மென்றபின், சாயம் நின்ற இடங்களைக் கொண்டு தூய்மையை மதிப்பிட்டபோது, வாய்ச்சொல்லில் அச்சவுரை முந்தியது; பல்லிலோ எப்படித் துலக்குவது என்று விரிவாகக் கற்பித்த உரையே முந்தியது. எனினும் சாயமும் முழுச் சான்றாகிவிடாது. சோதனை நாளன்று காலையில் அழுத்தித் தேய்த்தவனுக்கும் ஆண்டு முழுவதும் தேய்ப்பவனுக்கும் அது ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணைத் தந்துவிடக்கூடும்.

இரண்டு ஆய்வுகளுக்கும் பொதுவான பெருங்குறை வேறொன்று: வீட்டில் தனித் தூரிகை உண்டா, பற்பசை வாங்க வருவாய் போதுமா என்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு, பழக்கத்தை உரையொன்றின் விளைவாக மட்டுமே அவை கருதுகின்றன. இக்குறைகள் இருந்தும், அச்சத்தின் பயனையே ஐயுற 1953ஆம் ஆண்டின் எண்களை இன்றும் மேற்கோள் காட்டுவோர் உள்ளனர். பல ஆய்வுகளைத் தொகுத்து கிம் விட்டியும் மைக் ஆலனும் 2000இல் கண்டதோ, தன்னால் செய்ய இயலும் என்ற நம்பிக்கையும் சேர்ந்தால் கடும் அச்சமும் நடத்தையை மாற்றும் என்பது.