விஸ்வநாதன் – ராமமூர்த்தியின் கடைசிப் படம்

எம்.எஸ். விஸ்வநாதனும் டி.கே. ராமமூர்த்தியும் பிரிவதற்கு முன் சேர்ந்து இசையமைத்த கடைசிப் படம் 'ஆயிரத்தில் ஒருவன்' (1965). பி.ஆர். பந்துலு இயக்கிய இப்படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதன்முறையாக இணைந்து நடித்தனர். பாடல்களைக் கண்ணதாசனும் வாலியும் எழுதினர்.

இருவரும் சி.ஆர். சுப்பராமனின் இசைக்குழுவில் வளர்ந்தவர்கள். ராமமூர்த்தி திருச்சிக்காரர், வயலின் கலைஞர். விஸ்வநாதனின் கை ஆர்மோனியத்தில். 1952இல் சுப்பராமன் மறைந்தபின், அவர் விட்டுச்சென்ற வேலைகளை முடித்துக்கொடுத்து, அதே ஆண்டு 'பணம்' படத்தில் இணையாக அறிமுகமாயினர்.

பிரியும்போது அவர்கள் சரிவில் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டில்தான் 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை' மூன்றும் வந்தன. ஒன்றில் இந்துஸ்தானி ராகங்கள், மற்றொன்றில் மேற்கத்திய துள்ளல். 'ஆயிரத்தில் ஒருவ'னில் சோர்வின் சாயல் இல்லாததற்கு இதுவே காரணம். 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக மீண்டும் சேர்ந்தார்கள். கணக்குப்படி அதுவே கடைசி. ஆனால் அதை இன்று தேடிக் கேட்பவர் குறைவு. பீட்டில்ஸ் குழுவுக்கும் இப்படி ஒரு குழப்பம் உண்டு. கடைசியாக வெளிவந்தது 'லெட் இட் பி' (1970). அதன் பெரும்பகுதி பதிவானதோ 'அபே ரோட்'டுக்கு (1969) முன்பே. ரசிகர்கள் தேதியைப் பார்ப்பதில்லை. எதில் குழு முழு உயிரோடு ஒலிக்கிறதோ அதையே கடைசி என்கிறார்கள்.

இப்படத்தின் இசையில் கவனிக்க வேண்டியது கூட்டுக்குரல். அடிமைகளாகத் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் கதை இது. கப்பலில் டி.எம். சௌந்தரராஜன் பாடும் விடுதலைப் பாட்டில் பின்னணிக் குரல்கள் வெறும் நிரப்பு அல்ல. அவையே கதையின் இன்னொரு பாத்திரம். அக்குரல்களை எடுத்துவிட்டால் அது ஒரு கதாநாயகனின் பாட்டாகச் சுருங்கிவிடும். பி. சுசீலாவின் பாடல்களிலும் கோரஸ் உண்டு, வேலைதான் வேறு. காதல் டூயட் இனிமையானது. ஆனால் அது எந்த எம்.ஜி.ஆர். படத்திலும் பொருந்தியிருக்கும்.

பிரிவுக்குப்பின் விஸ்வநாதன் 'அன்பே வா' (1966) உட்பட நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். ராமமூர்த்தியின் தனிப்படங்கள் இருபதைத் தொடவில்லை. அவற்றில் 'நான்' (1967), 'தங்கச் சுரங்கம்' (1969) ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இந்த எண்ணிக்கையை வைத்து இணையாக வந்த பாடல்களையும் ஒருவர் கணக்கில் எழுதுவது அநியாயம். இன்று இணையத்தில் ஏற்றப்படும் பல பதிவுகளில் 'இசை: எம்.எஸ். விஸ்வநாதன்' என்று மட்டுமே இருக்கிறது.

முன்பு அப்படி இல்லை. ராமநாதபுரம், ராமேசுவரம் கரையோர ஊர்களில் இலங்கை வானொலியின் தமிழ்ச்சேவை உள்ளூர் நிலையம்போலத் தெளிவாகக் கேட்டது. அதன் அறிவிப்பாளர்கள் படம், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் என்று சொல்லிவிட்டே பாட்டைப் போடுவார்கள். இசைத்தட்டு வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளும் இரட்டைப் பெயரை ஒரே மூச்சில் சொல்லக் கற்றது அங்கேதான்.

2012இல் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா இருவருக்கும் 'திரை இசைச் சக்கரவர்த்தி' பட்டம் வழங்கினார். 2014 மார்ச்சில் 'ஆயிரத்தில் ஒருவன்' டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு வெளியாகி, சென்னையில் 175 நாட்களைத் தாண்டி ஓடியது. ராமமூர்த்தி அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரல் 17 அன்று காலமாகியிருந்தார்.