அயலூர்த் திரையில் ருமேனியா

ஒரு நாட்டின் சினிமாவை அந்த நாட்டுக்கு வெளியே சில நாட்கள் திரட்டிக் காட்டும் விழாக்கள் உலகெங்கும் நடக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரு தூதரகமோ பண்பாட்டு நிறுவனமோ இருக்கும். நாட்டைப் பற்றி நல்லெண்ணம் உண்டாக்கும் படங்களாகத் தேர்ந்தெடுப்பார்கள். 2006இல் நியூயார்க்கின் டிரைபெக்கா பகுதியில் தொடங்கிய ருமேனியத் திரைப்பட விழா அப்படி நடக்கவில்லை. அதைத் தொடங்கியதும் ருமேனிய அரசின் பணத்தில் இயங்கும் ருமேனியப் பண்பாட்டு நிறுவனத்தின் நியூயார்க் கிளைதான். ஆனால் புதிய ருமேனியப் படங்கள் எவையும் அரசுக்கு நற்சான்று தருபவை அல்ல. அவற்றில் மருத்துவமனைகள் நோயாளியைக் கைகழுவுகின்றன. கார் ஏற்றி ஒரு சிறுவனைக் கொன்ற மகனைக் காப்பாற்ற வசதியான தாய் ஒருத்தி காசையும் செல்வாக்கையும் இறக்குகிறாள். தன் நாட்டைக் குற்றக்கூண்டில் நிறுத்தும் படங்களை அந்த நாட்டின் பணத்திலேயே வெளியாருக்குக் காட்டும் துணிவு அந்த விழாவுக்கு இருந்தது. ருமேனிய சினிமாவுக்கு இன்று உலகில் உள்ள மதிப்பில் இந்தத் துணிவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

ருமேனிய சினிமா நேற்று முளைத்ததல்ல. விடுதலைப் போரைப் பற்றிய முழுநீளப் படம் 1912லேயே அங்கு வந்துவிட்டது. 1957இல் இயோன் பொபெஸ்கு-கோப்போவின் அசைவூட்டக் குறும்படமும் 1965இல் லிவியு சியுலேயின் 'தூக்கிலிடப்பட்டோரின் காடு' படமும் கான் விழாவில் விருது பெற்றன. பிறகு வந்தவர் லூசியான் பின்டிலியே. குடித்துவிட்டுச் சண்டையிட்ட இரண்டு இளைஞர்களை அழைத்துவந்து, பாடம் புகட்டும் படம் ஒன்றுக்காக அதே சண்டையைத் திரும்ப நடிக்கச் சொல்கிறார்கள் அதிகாரிகள். வேடிக்கை போலத் தொடங்கும் அந்தப் படப்பிடிப்பு ஓர் உயிரைக் குடித்து முடிகிறது. 1968இல் எடுக்கப்பட்ட 'மீள்நிகழ்த்தல்' என்ற இந்தப் படத்தை 1970இல் திரையரங்குகளுக்கு விட்ட அரசு, சில வாரங்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சவுஷெஸ்கு 1989இல் வீழ்ந்த பிறகுதான் ருமேனியர்கள் அதை மறுபடி பார்த்தார்கள்.

வீழ்ச்சிக்குப் பிந்தைய பத்தாண்டில் பணமும் இல்லை, அரங்குகளும் இல்லை. 2000ஆம் ஆண்டில் ஒரு புதிய ருமேனியக் கதைப்படம்கூட வெளிவரவில்லை. அடுத்த ஆண்டே கிறிஸ்டி புயு 'சரக்கும் பணமும்' படத்தோடு வந்தார். ஒரு வேன், மூன்று இளைஞர்கள், புகாரெஸ்ட் நோக்கி ஒரு நெடுஞ்சாலை, தோளில் ஏற்றிய கேமரா. பின்னால் 'புதிய அலை' என்று பெயர் பெற்ற இயக்கம் இங்கிருந்து கிளம்பியது. 2005இல் புயுவின் 'திரு. லாசரெஸ்குவின் மரணம்' கானில் 'அன் செர்டன் ரிகார்ட்' பிரிவின் பரிசை வென்றது. மறு ஆண்டு கொர்னெலியு பொரும்பொயு சிறந்த முதல் படத்துக்கான தங்கக் கேமராவைப் பெற்றார். 2007இல் கிறிஸ்டியான் முஞ்சியுவின் 'நான்கு மாதம், மூன்று வாரம், இரண்டு நாள்' கானின் முதன்மை விருதான தங்கப் பனையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு 'கலிபோர்னியா டிரீமின்' பரிசு பெற்றபோது அதன் இயக்குநர் கிறிஸ்டியான் நெமெஸ்கு உயிரோடு இல்லை. படத்தொகுப்பு முடியுமுன்பே, 27 வயதில், கார் விபத்தில் இறந்துபோனார்.

இந்தப் படங்கள் எப்படி இயங்குகின்றன என்பதற்கு லாசரெஸ்குவையே எடுத்துக்கொள்ளலாம். அறுபதைக் கடந்த தனிக்கட்டை. பூனைகளோடு ஓர் அடுக்குமாடி வீட்டில் வாழ்கிறார். தலைவலி, வாந்தி. ஆம்புலன்ஸ் வருகிறது. அதில் வந்த துணை மருத்துவப் பெண் அவரை ஓர் இரவு முழுக்க மருத்துவமனை மருத்துவமனையாகக் கொண்டுசெல்கிறார். போகும் இடமெல்லாம் மருத்துவர்கள் முதலில் கண்டுபிடிப்பது அவர்மேல் வீசும் சாராய நெடியைத்தான். 'குடிகாரன்' என்ற தீர்ப்பு நோயறிதலுக்கு முன்பே வந்துவிடுகிறது. இரண்டரை மணி நேரப் படத்தில் ஒரு வில்லன்கூடக் கிடையாது. எல்லோரும் களைத்திருக்கிறார்கள், எல்லோருக்கும் வேலை குவிந்திருக்கிறது, சிலர் சிரிக்கச் சிரிக்கப் பேசவும் செய்கிறார்கள். தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த மனிதரின் நாக்கு குழறுகிறது. பிறகு சொற்களே நின்றுபோகின்றன. கேமரா விலகாமல் அருகிலேயே நிற்கிறது. துணை மருத்துவராக நடித்த லூமினிட்சா கியோர்கியு, ஒவ்வொரு மருத்துவமனையிலும் அவமானப்பட்டுக்கொண்டே நோயாளியை விடாமல் இருப்பதைப் பார்க்கும்போது, கடமை என்பதன் பாரம் முழுதும் அந்தக் களைத்த முகத்தில் தெரிகிறது. 2013இல் பெர்லினில் தங்கக் கரடி வென்ற 'சைல்ட்ஸ் போஸ்' படத்தில், நான் முதலில் சொன்ன வசதியான தாயாக வருபவரும் இவர்தான். 2021இல் காலமானார்.

இத்தகைய படங்களுக்கு ஊரில் அரங்கு இல்லை. 1989இல் சில நூறு திரையரங்குகள் இருந்த நாட்டில் 2007 வாக்கில் ஐம்பதுகூட மிஞ்சவில்லை. பல பெரிய நகரங்களில் ஒன்றுகூடக் கிடையாது. தங்கப் பனை வென்ற கையோடு முஞ்சியு வண்டியில் படக்கருவிகளை ஏற்றிக்கொண்டு அரங்கில்லாத ஊர்களுக்குத் தன் படத்தைக் கொண்டுபோனார். அப்படியும் அந்தப் படத்துக்கு ருமேனியாவில் விற்ற டிக்கெட் ஒரு லட்சத்தைத் தொடவில்லை. பியாட்ரா நியாம்ட்ஸ் நகரின் டாச்சியா அரங்கை இழுத்து மூடாமல் நடத்தப் போராடிய மேலாளர் விக்டர் புரீச்சேயைப் பற்றி அலெக்சாந்திரு பெல்க் 'சினிமா, மோன் அமூர்' என்ற ஆவணப்படம் எடுத்தார். குளிர்காலத்தில் சூடேற்ற வழியில்லாத பெரிய அரங்கம். விரல்விட்டு எண்ணக்கூடிய பார்வையாளர்கள். வெளிநாட்டு விழா இந்த இயக்குநர்களுக்கு ஏன் ஓர் அலங்காரமாக மட்டும் இருக்கவில்லை என்பது இதைப் பார்த்தால் விளங்கும். நிறைந்த அரங்கில், கடைசிவரை எழுந்து போகாத கூட்டத்தோடு தங்கள் படத்தைப் பார்க்கும் வாய்ப்பு அவர்களில் பலருக்கு அயலூரில்தான் கிடைத்தது.

நியூயார்க் விழாவுக்குப் பின்னால் இருந்தவர் கொரினா ஷுத்தேயு. ருமேனியப் பண்பாட்டு நிறுவனத்தின் நியூயார்க் கிளைக்கு அப்போது அவர் இயக்குநர். படங்களைத் தேர்ந்தவர் மிஹாய் கிரிலோவ். க்ளூஜ் நகரில் 2002 முதல் நடக்கும் டிரான்சில்வேனியா விழாவின் கலை இயக்குநரும் அவரே. அதிகாரி செய்யும் தேர்வு அல்ல இது. ஆண்டு முழுக்கப் படம் பார்ப்பதையே வேலையாகக் கொண்ட ஒரு விமர்சகரின் தேர்வு. புதுப் படங்களோடு பழையவற்றையும் தேடி எடுத்துக் காட்டினார்கள். இயக்குநர்களையும் நடிகர்களையும் வரவழைத்துப் பார்வையாளரோடு பேசவைத்தார்கள். பின்னர் விழா 'மேக்கிங் வேவ்ஸ்' என்ற பெயரோடு லிங்கன் சென்டருக்கு இடம்பெயர்ந்தது. 2012இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் பின்டிலியேயின் படங்களைத் தொகுத்துத் திரையிட்டது. ஊரில் படம் பூட்டிவைக்கப்பட்ட கலைஞருக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில் இந்தப் பல்லாண்டு உழைப்புக்கும் பங்கு உண்டு.

ருமேனியப் பண்பாட்டு நிறுவனத்தின் நியூயார்க் கூடத்தில் 2008இல் நடந்த தெருக்கலைக் கண்காட்சி ஒன்று ருமேனிய ஊடகங்களில் பெரும் புயலைக் கிளப்பியது. ஸ்வஸ்திகா பொறித்த ஓர் இளஞ்சிவப்புக் குதிரைப் பொம்மைதான் காரணம். மக்களின் பணத்தில் நாட்டை அவமதிக்கிறார்கள் என்று அரசியல்வாதிகள் முழங்கினார்கள். அந்தக் கோபம் அடங்கவில்லை. 2012 ஜூனில் பிரதமர் விக்டர் பொன்டாவின் அரசு ஓர் அவசரச் சட்டத்தால் நிறுவனத்தைக் குடியரசுத் தலைவரின் பொறுப்பிலிருந்து எடுத்துச் செனட் சபையின் கீழ் வைத்தது. வெளிநாட்டு ருமேனியர்களிடம் தேசிய அடையாளத்தைப் பேணுவதே இனி முதன்மைப் பணி என்ற நிலை வந்தது. நிறுவனத்தின் தலைவர் ஹோரியா-ரோமான் பதபியேவிச் விலகினார், ஷுத்தேயுவும் விலகினார்.

அதோடு விழா முடிந்துவிடும் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அமைப்பாளர்கள் அதைத் தனி அமைப்பாக எடுத்து நடத்தினார்கள். இணையத்தில் பொதுமக்களிடம் நிதி கேட்டார்கள். லிங்கன் சென்டர் கதவை மூடவில்லை. அரசு கைவிட்ட விழாவைப் பார்வையாளர்கள் காசு போட்டு நடத்திய இந்தக் கட்டம்தான் என் பார்வையில் அதன் வரலாற்றில் உயர்ந்த இடம். அன்று விலகிய ஷுத்தேயுவே 2016இல் ருமேனியாவின் பண்பாட்டு அமைச்சரானார்.

லண்டனில் ராட்சியு அறக்கட்டளை முன்னெடுத்த விழா, சியாட்டிலில் ருமேனிய அமெரிக்கர்கள் நடத்தும் விழா என்று வேறு நகரங்களிலும் இவை பெருகின. அந்த அரங்குகளில் இரு வகைப் பார்வையாளர்கள் அருகருகே அமர்கிறார்கள். ஒருவர் உலக சினிமா ரசிகர். மற்றவர் ஊரைவிட்டுப் பிழைக்க வந்தவர். கடந்த முப்பது ஆண்டுகளில் பல லட்சம் ருமேனியர்கள் இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி என்று வெளியேறினார்கள். அவர்களிடமிருந்து, நம் நாட்டில் நல்லதே இல்லையா என்ற கேள்வி எழுவது இயல்பு. அந்தக் கேள்வியை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். அயல்நாட்டில் ருமேனியன் என்றாலே ஏளனமாகப் பார்க்கப்படுபவருக்குத் திரையில் மறுபடி அழுக்குப் படிக்கட்டையும் லஞ்சத்தையும் பார்ப்பது வலிக்கத்தான் செய்யும். ஆனால் 2015 அக்டோபர் 30 அன்று புகாரெஸ்டின் கலெக்டிவ் இரவு விடுதியில் தீப்பிடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் பின்னர் மருத்துவமனையில், கிருமித் தொற்றில். கிருமிநாசினியை நீர்க்கவைத்து விற்றார்கள் என்பதை விளையாட்டு நாளிதழ் ஒன்றின் செய்தியாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். அதைப் பின்தொடர்ந்து அலெக்சாண்டர் நானாவ் எடுத்த 'கலெக்டிவ்' இரண்டு ஆஸ்கர் பிரிவுகளுக்குப் பரிந்துரையானது. லாசரெஸ்கு படம் பத்தாண்டுக்கு முன்பே சொன்னதைத்தான் அந்த நெருப்பு உறுதிசெய்தது. வெளியாருக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தால் யாருக்கு நன்மை?

எனக்கு வேறொரு குறை உண்டு. வெளிநாட்டு விழாக்களின் ரசனை ஒரே அச்சில் படங்களைக் கேட்கத் தொடங்கியது: வெட்டில்லாத நீண்ட காட்சிகள், மங்கிய ஒளி, சமையலறை மேசையில் வாக்குவாதம். ஊரில் அரங்கை நிறைத்த நகைச்சுவைப் படங்கள் இந்தப் பட்டியலில் இடம்பெறுவது அரிது. 2022இல் 'டீம்பில்டிங்' என்ற நகைச்சுவைப் படத்துக்கு லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். பரிசுப் படங்களை மட்டும் பார்க்கும் அயலார் அதன் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டார்கள். இந்த அச்சை உள்ளிருந்தே உடைத்தவர் ராது ஜூதே. 'ஆஃபெரிம்!' 1835இன் வலாக்கியாவில் ரோமா மக்கள் அடிமைகளாக இருந்த உண்மையைக் கருப்பு வெள்ளையில் காட்டியது. 'உலக முடிவிலிருந்து அதிகம் எதிர்பார்க்காதே' படத்தில் இன்றைய ஓட்டுநர் பெண்ணின் கதைக்குள், 1981இல் வந்த லூசியான் பிராட்டுவின் படத்திலிருந்து ஒரு டாக்சிக்காரப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார். அன்று அந்த வேடத்தில் நடித்த டொரினா லசார் முதிய வயதில் ஜூதேயின் படத்திலும் வருகிறார். இதனால் அயல்நாட்டில் யாரும் அறியாத ஒரு பழைய படம் இப்போது பேசப்படுகிறது.

முஞ்சியுவின் 'ஆர்.எம்.என்.' தமிழ் வாசகர்கள், குறிப்பாக இலங்கையர், தவறவிடக் கூடாத படம். 2020இல் டிரான்சில்வேனியாவின் டிட்ரூ ஊரில், ரொட்டி ஆலை ஒன்று வேலைக்கு எடுத்த இலங்கைத் தொழிலாளர்களை ஊரார் எதிர்த்த நிகழ்ச்சியிலிருந்து பிறந்தது. படத்தில் ஊர்க்கூட்டம் ஒன்று வருகிறது. கேமரா ஓரிடத்தில் நிற்கிறது. ஏறத்தாழ 17 நிமிடம் வெட்டே இல்லை. ருமேனியர், ஹங்கேரியர், ஜெர்மானியர் என்று ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத எல்லோரும், அந்த அந்நியர்களின் கை பட்ட ரொட்டியைத் தின்னமாட்டோம் என்பதில் மட்டும் ஒன்றுபடுகிறார்கள். மேற்கு ஐரோப்பாவில் கூலிவேலை செய்து வசை வாங்கித் திரும்பியவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

இந்த சினிமாவுக்குப் புதியவர்கள் பொரும்பொயுவின் '12:08, புகாரெஸ்டுக்குக் கிழக்கே' படத்திலிருந்து தொடங்கலாம். ஒன்றரை மணி நேரம்தான். 1989 டிசம்பர் 22 அன்று, சவுஷெஸ்கு தப்பியோடுமுன் தங்கள் ஊர்ச் சதுக்கத்துக்கு யாராவது போனார்களா என்று உள்ளூர்த் தொலைக்காட்சியில் மூன்று பேர் விவாதிக்கிறார்கள், வாய்விட்டுச் சிரிக்கலாம். அதன்பின் லாசரெஸ்குவையும் முஞ்சியுவையும் பாருங்கள். 'மீள்நிகழ்த்தல்' கிடைத்தால் விடாதீர்கள். நம் ஊர்களில் அயல்நாட்டுத் திரைப்பட வாரம் நடத்தும் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தூதரகம் தரும் பட்டியலை அப்படியே ஏற்காமல், அந்த நாட்டு விமர்சகர் ஒருவரிடம் கேட்டுப் படங்களைத் தேர்ந்தெடுங்கள்.