239 புஷல் கோதுமை

ரோஸ்கோ ஃபில்பர்ன் ஒஹாயோ மாநில விவசாயி. 1941 அறுவடைக்கு அவர் 11.1 ஏக்கரில்தான் கோதுமை போடலாம் என்றது அரசு. அவர் 23 ஏக்கரில் விதைத்தார். கூடுதலாக விளைந்த 239 புஷலுக்கு, புஷலுக்கு 49 சென்ட் வீதம், 117 டாலர் 11 சென்ட் அபராதம் விழுந்தது. தன் மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமாகவும் வீட்டுக்கு மாவாகவும் போகிற தானியம், மத்திய அரசு ஒழுங்குபடுத்தக்கூடிய மாநிலங்களுக்கிடையிலான வணிகம் எப்படி ஆகும்? எல்லோரும் இப்படித் தாமே விளைவித்துக்கொண்டால் சந்தை விலை ஆட்டம் காணும் என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் 1942இல் ஒருமனதாக அரசின் பக்கம் நின்றது.

அரசின் தலையீடு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்று கோரும் லிபர்டேரியன்கள் இந்தத் தீர்ப்பை இன்றும் மறக்கவில்லை. அவர்கள் கோபம் நியாயமானது. நெருக்கடியில் வீங்கும் அரசு, நெருக்கடி தீர்ந்தபின் பழைய அளவுக்குச் சுருங்குவதில்லை என்று பொருளியலாளர் ராபர்ட் ஹிக்ஸ் 1987இல் வாதிட்டார். சம்பளத்திலேயே வருமான வரியைப் பிடிக்கும் முறை 1943இல் போர்ச்செலவுக்காக வந்தது. போர் முடிந்தும் போகவில்லை. ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்ததும் அதே போர்க்கால அரசுதான். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். இவ்விடத்தில் லிபர்டேரியன் வாதத்துக்கு நான் முழுமையாகவே தலைவணங்குகிறேன்.

ஆனால் விடுதிகளிலும் உணவகங்களிலும் இனப்பாகுபாட்டைத் தடை செய்த 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்கு வரும்போது அந்த வாதம் தடுமாறுகிறது. இனப்பாகுபாட்டை வளர்த்தது மாநிலச் சட்டங்களே, அவற்றை நீக்கினால் போதும், மற்றதைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். பாதி உண்மை. 1890இல் லூசியானா தனி ரயில் பெட்டிகளைச் சட்டத்தால் கட்டாயமாக்கியபோது, செலவு கூடுமென்று ரயில் கம்பெனிகளே அதை விரும்பவில்லை. மறுபாதியை அட்லாண்டாவில் பார்க்கலாம். 216 அறைகள் கொண்ட ஒரு மோட்டலின் உரிமையாளர், கறுப்பின மக்களுக்கு அறை தர மறுக்கும் தன் வழக்கத்தைக் காக்கத் தாமே வழக்குத் தொடுத்தார். கட்டாயப்படுத்தி அறை கொடுக்க வைப்பது தன்னை அடிமையாக்குவது என்று, அடிமைமுறையை ஒழித்த 13ஆவது திருத்தத்தையே துணைக்கு அழைத்தார்! சந்தை திருத்துமென்று எத்தனை தலைமுறை காத்திருப்பது?

நீதிமன்றம் அவரைத் தோற்கடித்தது. அதே நாளில், பர்மிங்ஹாமின் ஆலிஸ் பார்பிக்யூ வழக்கிலும் அரசே வென்றது. அங்கே கறுப்பின மக்கள் பொட்டலம் வாங்கிப் போகலாம், உட்கார்ந்து சாப்பிட முடியாது. அந்தத் தீர்ப்பு துணைக்கு எடுத்துக்கொண்ட முன்னுதாரணங்களில் ஃபில்பர்னின் கோதுமை வழக்கும் ஒன்று.

ஆகவே என் தீர்ப்பு இது: போர்க்கால அதிகாரத்தைக் கண்காணிக்க லிபர்டேரியன் பார்வை மிகக் கூர்மையானது, அமெரிக்கச் சுதந்திரத்தின் முழு வரலாறாக அதை ஏற்க முடியாது. ஃபில்பர்னின் 117 டாலரைச் சென்ட் சுத்தமாகக் கணக்கிடும் அந்தப் பார்வை, பொட்டலத்தோடு வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர் இழந்ததை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.